அங்கத்தவர்கள் நாற்பத்தொரு படகுகள்

சின்னத்துறைப் பொது நூலகத்தில் அற்புதராணி போட்ட சட்டம் மூன்று. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக் கூடாது. மீன் கையோடு உள்ளே வரக் கூடாது. வாசலில் வாளியும் சவர்க்காரமும் இருக்கின்றன. புத்தகத்தில் எவரும் எதையும் கிறுக்கக் கூடாது. முதல் இரண்டையும் ஊர் ஒருவாறு கேட்டுக்கொண்டது. மூன்றாவதை மட்டும் தலைகீழாக நின்றாலும் கேட்காது. கடலுக்குப் போய் வரும் ஒவ்வொரு புத்தகத்தின் கடைசி அட்டையிலும் வட்டமும் குறுக்குக் கோடும் மீன் முள்ளும் கறுப்பு மையில் இருக்கும். அவள் கத்துவாள். கொண்டுவந்தவன் தலையைச் சொறிவான். அடுத்த கிழமை இன்னொரு புத்தகத்தில் இன்னொரு மீன் முள் இருக்கும்.

நூலகம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். குருநகரிலிருந்து கரையோரமாகச் சைக்கிள் மிதித்தால் கால் மணி நேரம். கோயில் மைதானத்துக்குப் பின்னால் ஒரு மண்டபம், மேலே சீற் போட்ட கூரை. இரண்டு மின்விசிறிகளில் ஒன்று சுற்றும், மற்றது சத்தம் போடும். இரண்டாயிரத்து முந்நூறு புத்தகங்கள். அவற்றைக் காக்க ஒரு மனுஷி, அவளுக்கு வயது நாற்பத்தெட்டு, மூக்கு நுனியில் கோபம்.

அற்புதராணி பட்டம் பெற்றவள் அல்ல. உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய ஆண்டில் யுத்தம் துரத்த ஊரோடு சேர்ந்து தென்மராட்சிக்கு நடந்தாள். போன இடத்தில் பரீட்சையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. திரும்பி வந்து இறால் பொதி செய்யும் கொம்பனியில் பத்து வருடத்துக்கு மேல் நின்றாள். பிறகு வலை அடுக்கிக் கிடந்த இந்த மண்டபத்தைப் பிரதேச சபை நூலகமாக மறுபடி திறந்தபோது, கூட்டித் துடைக்க ஒரு ஆள் தேவை என்று எடுத்தார்கள். கூட்டித் துடைத்தவள் ஒவ்வொரு புத்தகமாகத் தூசி தட்டினாள். தட்டியதை வாசித்தாள். இரண்டு வருடத்தில் நூலகப் பொறுப்பாளர் மாற்றலாகிப் போனார், பதிலுக்கு எவரும் வரவில்லை. சாவி இவள் கையில் தங்கிவிட்டது. நியமனக் கடிதத்தில் இன்றைக்கும் நூலக உதவியாளர் என்றுதான் இருக்கிறது. யாருக்கு உதவி என்று கேட்டால் சபையே விழிக்கும்.

வீட்டில் யாகோப்பு, அவள் புருஷன். மைத்துனன் படகில் தொழிலுக்குப் போகிறவர், நல்ல மனிதர், புத்தகம் என்றால் மட்டும் எகத்தாளம். சாப்பாடு போடும்போது அன்றைக்கு வாசித்த கதையைச் சொல்லாவிட்டால் அற்புதராணிக்குச் சோறு இறங்காது. “இஞ்சருங்கோ, இண்டைக்கு ஒரு புத்தகம் முடிச்சனான், அதிலை அந்தப் பொம்பிளை என்ன செய்யிறாள் தெரியுமே...” என்று தொடங்குவாள். அவர் தட்டைப் பார்த்தபடி, “கதையை விட்டிட்டுக் கறியைப் போடு” என்பார். இருபத்தாறு வருடமாக இது நடக்கிறது.

வில்லங்கம் தை மாதம் வந்தது. சபைச் செயலாளர் குகதாசன் அவளைக் கூப்பிட்டு, கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னார்.

“அக்கா, கோவிக்காதேங்கோ. பதிவிலை இருக்கிறது நாப்பத்தொரு அங்கத்தவர். இதை நூலகம் எண்டு வைச்சிருக்க ஏலாது. வாற வருசத்திலையிருந்து பேப்பர் வாசிக்கிற அறையா மாத்தப் போறம். புத்தகங்கள் ரவுண் நூலகத்துக்குப் போகும்.”

“அப்ப நான்?”

“உங்களைச் சோலைவரிப் பகுதிக்கு எடுக்கிறம். சம்பளம் குறையாது.”

சம்பளம் குறையாது என்றதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று அவளுக்கே தெரியாததால் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அந்த நாற்பத்தொன்றின் கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நூலகத்தில் அங்கத்தவராகச் சேர ஒரு பிணைகாரர் கையெழுத்துப் போட வேண்டும். பிணைகாரர் என்றால் வீட்டுக்கும் காணிக்கும் சபைக்குச் சோலைவரி கட்டுகிறவர். சின்னத்துறையில் முக்கால்வாசி வீடுகள் கோயில் காணியில் நிற்கின்றன. வரி கட்டுகிறவர்கள் ஒரு கையிலும் மறு கையில் பாதியிலும் அடங்கிவிடுவார்கள். அவர்களிடம் போய்ப் பல்லைக் காட்ட எந்தத் தொழிலாளி போவான்? வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். ஒன்பது வருடத்துக்கு முன் செபநாயகம், ஊரில் பெரிய படகு அவருடையது, ஒரு நாள் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

“ராணி, வலையை விட்டிட்டு இழுக்கிறதுக்கிடையிலை நாலு மணித்தியாலம் சும்மா கிடக்கிறம். பொடியள் போனை நோண்டுறாங்கள், அங்காலை போனா சிக்னலும் இல்லை. ஒரு புத்தகம் தந்தா என்ன?”

“பிணைக்கு ஆள் கொண்டு வாங்கோ.”

“என்ரை போட் நிக்குது. கடற்றொழில் கந்தோரிலை பதிஞ்சது, நம்பர் பக்கத்திலை எழுதிக் கிடக்கு. புத்தகம் வராட்டி போட்டை வந்து பிடி.”

அற்புதராணி இரண்டு நாள் யோசித்தாள். காணி இல்லாதவனிடம் படகு இருக்கிறது. படகு ஓடிப் போனாலும் காலையில் கரைக்கு வந்தே தீரும். மூன்றாம் நாள் ஒரு புது அட்டை எழுதினாள். அங்கத்தவர் பெயர் என்ற இடத்தில் படகின் பெயர், அடையாள எண் என்ற இடத்தில் படகின் நம்பர். ஒரு படகுக்கு ஒரு அட்டை, ஒரு அட்டைக்கு மூன்று புத்தகம், பாண் வாங்கிய பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுப்பாள். இப்படிச் சேர்ந்தவைதான் மடு மாதா, சென் அந்தோனி, கடலரசி தொடங்கி நாற்பத்தொரு படகுகள். பிணைகாரர் காலத்து அட்டைகள் ஒன்றொன்றாய்க் காலாவதியாகிப் போயின. ஒன்பது வருடத்தில் ஒரு புத்தகம் தவறவில்லை. உப்புப் பட்டு வந்திருக்கிறது, நண்டு கடித்து வந்திருக்கிறது, ஆனால் வந்திருக்கிறது.

சபைக்குப் போனது எண்ணிக்கை மட்டும்தான். இந்த நியாயத்தைச் சொன்னால் குகதாசன் மயங்கி விழுந்துவிடுவார் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே சொல்லவில்லை. வேறு வழி தேடினாள்.

தேடுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. எங்கே இலவசப் பயிற்சி, யார் சிறு நூலகங்களுக்குப் புத்தகம் தருகிறார்கள், எந்த நிறுவனம் விண்ணப்பம் கேட்கிறது என்று போனில் தினமும் துழாவுவாள். கோவிட் காலத்திலிருந்தே சூம் பயிற்சி ஒன்று விடுவதில்லை. பிஸ்கற் ரின்னில் போனைச் சாய்த்து வைத்து, குறிப்புக் கொப்பியோடு இருப்பாள். சிறுவர் வாசிப்பு, கணினிப் பட்டியல், புத்தகம் திருத்துதல் என்று ஏழு சான்றிதழ்கள் லமினேற் பண்ணிச் சுவரில் தொங்குகின்றன. “உதுகளைப் பொரிச்சுத் தின்னலாமோ?” என்று யாகோப்பு ஒரு தடவை கேட்டார். அன்றைக்கு அவருக்குப் பொரியலே இல்லை.

சித்திரையில் வலையில் மீன் விழுந்தது. கொழும்பில் சிற்றூர் நூலக நிதியம் என்று ஒன்று, நாடு முழுவதும் பத்து நூலகங்களைத் தெரிவு செய்யப் போகிறது. கூரை திருத்தித் தருவார்கள், இரண்டு கணினி, ஆயிரம் புதுப் புத்தகம், நூலகருக்குக் கண்டியில் ஆறு கிழமைப் பயிற்சி. அற்புதராணியின் கண் நின்றது கடைசி வரியில்: நிதி பெறும் நூலகத்தை ஐந்து வருடத்துக்கு மூடவோ வேறொன்றாக மாற்றவோ கூடாது, சபை ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். அந்த வரியை மூன்று தரம் வாசித்தாள். ஐந்து வருடம் கிடைத்தால் குகதாசனும் மாற்றலாகிப் போய்விடுவார் என்று அவள் மனம் கணக்குப் போட்டது.

குகதாசன் கெட்டவர் அல்ல. “அவை தந்தா எனக்கென்ன அக்கா, நான் சந்தோசமா எழுதித் தாறன்” என்றார்.

விண்ணப்பம் இங்கிலீசில். அகராதியைப் பக்கத்தில் வைத்து ஒரு கிழமை மல்லுக்கட்டி நிரப்பினாள். அங்கத்தவர் பட்டியல் இணைக்கவும் என்று இருந்தது. மறைக்க அவளிடம் என்ன இருக்கிறது? நாற்பத்தொரு படகையும் பெயரும் நம்பருமாக எழுதிப் படம் பிடித்து அனுப்பிவிட்டு, நிதி கைக்கு வந்துவிட்டது போல் கோயிலில் மெழுகுதிரியும் கொளுத்திவிட்டு வந்தாள்.

ஆவணியில் பதில் வந்தது. உங்கள் பட்டியலில் ஆட்களின் பெயர்கள் இல்லை, குறைந்தது நூற்றைம்பது வாசகர்கள் வேண்டும், இருந்தாலும் நூலகத்தை நேரில் பார்க்க எமது அலுவலர் புரட்டாதியில் வருவார் என்று எழுதியிருந்தார்கள். வேறொருத்தி என்றால் அந்த ‘இல்லை’யைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். அற்புதராணி ‘வருவார்’ என்பதைப் பிடித்துக்கொண்டாள். வந்து பார்த்தால் தராமல் போக மாட்டார்கள், அதற்கு நூலகம் பளிச்சென்று இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் யோசனை.

இங்கேதான் மனுஷி மடைத்தனம் பண்ணினாள். புத்தகம் திருத்தும் பயிற்சியில் கோதுமைமாப் பசை காய்ச்சப் படிப்பித்திருந்தார்கள். படிப்பித்த அம்மா திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: நாளைக்குக் கழற்ற முடியாத எதையும் இன்றைக்குப் புத்தகத்தில் ஒட்டாதீர்கள். அற்புதராணி மூன்று கிழமை மாவைக் காய்ச்சினாள். கடலுக்குப் போய் வந்த அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்களை எடுத்து, கிறுக்கல் நிறைந்த கடைசி அட்டைக்கு மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, இரவல் அட்டை வைக்கும் பழைய சிறு பையையும் அதே பசையால் ஓரம் பிடித்து ஒட்டினாள். முடித்தபோது ஒரு மீன் முள்ளும் வெளியே தெரியவில்லை. ஒன்பது வருடச் சண்டையில் வென்றுவிட்டேன் என்று அவளுக்குப் பெரிய திருப்தி.

புரட்டாதியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை கஜானி வந்து இறங்கினாள். நிதியத்தின் அலுவலர், இணுவில் பிள்ளை, முப்பது வயதிருக்கும். குகதாசனும் கூட வந்தார். கஜானி புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“வடிவாத் திருத்தியிருக்கிறியள் அக்கா. பெரிய நூலகங்களிலையும் நான் இப்பிடிப் பாக்கேல்லை.”

அற்புதராணிக்குத் தலை கூரைச் சீற்றில் முட்டியது.

“ஆனா இந்த நாப்பத்தொண்டு... எல்லாம் போட் எல்லோ?”

“ஓம் பிள்ளை. ஒரு போட்டிலை நாலு பேர், அஞ்சு பேர். அவையின்ரை வீட்டிலை பொம்பிளையள். எல்லாரும் வாசிக்கினம்.”

“நான் நம்பிறன். ஆனா மேலை எழுதேக்கை, நூற்றைம்பது பேர் வாசிச்சதுக்கு ஏதாவது காட்ட வேணும். படகு வாசிச்சது எண்டு எழுத ஏலாதே.”

குகதாசன் மெல்ல இருமினார். “போட்டுக்குப் புத்தகம் குடுத்ததே எனக்கு இப்பதான் தெரியும்” என்றார்.

அந்த நேரம் பார்த்து ஜெரிசன் வந்தான், கடலரசியில் தொழிலுக்குப் போகிறவன். கை கழுவி, சேட்டில் துடைத்து, பொலித்தீன் பையை நீட்டினான்.

“அக்கா, இது ஒரு மாசமாக் கிடந்திட்டுது. போட் திருத்தக் கரையிலை ஏத்தினதிலை மறந்துபோனம்.”

அந்தப் புத்தகம் வெள்ளைத் தாளுக்குத் தப்பிய புத்தகம். கஜானி வாங்கிக் கடைசி அட்டையைத் திறந்தாள். ஒரு வட்டம், இரண்டு முக்கோணம், மீன் முள், இன்னொரு தரம் அதே மீன் முள், பக்கத்தில் ஒரு பொட்டோடு.

“இதென்ன?”

அற்புதராணிக்கு மானம் போனது. “உவங்களுக்கு எத்தினை தரம் சொல்லியும்...” என்று தொடங்கினாள்.

ஜெரிசன் கஜானிக்கு விளங்கப்படுத்தினான். “மிதவை அடையாளம் மிஸ். கடலிலை ஆரின்ரை வலை எண்டு தெரிய வேணுமெல்லே? ஒவ்வொருத்தனுக்கும் ஒரு அடையாளம், மிதவையிலை கீறி விடுவம். புத்தகம் வாசிச்சு முடிச்ச ஆள் தன்ரையைப் போட்டிட்டு மற்றவனுக்குக் குடுக்கும். அப்பதான் ஆர் முடிச்சது, ஆருக்குக் குடுக்க வேணும் எண்டு தெரியும். பொட்டு வைச்சது அவையின்ரை வீட்டுப் பொம்பிளையள்.”

மிதவை அடையாளம் என்பது அற்புதராணிக்கும் தெரிந்ததுதான், ஆனால் பொழுது போகாமல் கிறுக்குகிறார்கள் என்றே ஒன்பது வருடமாக நினைத்திருந்தாள்.

“ஒரு அடையாளம் ஒரு ஆளுக்குத்தானே?” என்று கஜானி கேட்டாள்.

“ரெண்டு பேருக்கு ஒண்டு இருந்தா வெட்டுக்குத்து வரும் மிஸ்.”

“அப்ப இதுதானே அக்கா ஆதாரம். மற்றப் புத்தகங்களிலை எங்கை?”

அற்புதராணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அறுநூற்றுப் பன்னிரண்டு வெள்ளைத் தாள்களும் கண் முன்னால் வந்து நின்றன. நூலகத்தைக் காப்பாற்றக் கூடிய ஒரே சாட்சியை மூன்று கிழமை மாக் காய்ச்சித் தன் கையாலேயே மூடியிருக்கிறாள்.

“என்ரை மாதாவே. ஒட்டிப்போட்டன் பிள்ளை” என்றாள். “எல்லாத்தையும் ஒட்டிப்போட்டன்.”

கண் கலங்கியது உண்மை. ஆனால் அது இரண்டு நிமிடம்தான். படிப்பித்த அம்மாவின் குரல் காதில் கேட்டது. எழும்பி, கை கழுவ வைத்திருந்த வாளியில் ஒரு துணியை நனைத்துப் பிழிந்தாள். ஒரு புத்தகத்தை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் துணியை அமர்த்தி வைத்தாள். மூவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மூலையை நகத்தால் கிளப்பினாள், தாள் சமர்த்தாக எழும்பி வந்தது. கீழே ஆறு அடையாளங்கள், கறுகறுவென்று.

“மிதவைக்குப் போடுற மை மிஸ்” என்றான் ஜெரிசன். “கடலுக்கே அழியாது.”

கஜானி போனில் நாள் பார்த்தாள். “நாளைக்கு நான் உடுப்பிட்டியிலை ஒரு நூலகம் பாக்க வேணும். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கொழும்பு பஸ். அண்டைக்குக் காலமை வாறன். அடையாளங்களையும், அதுக்குரிய ஆக்களையும் காட்டுங்கோ. நூற்றைம்பது பேர் என்ரை கண்ணுக்கு முன்னாலை கையெழுத்து வைச்சா எழுதுறன்.”

“காட்டுறன்” என்றாள் அற்புதராணி. எப்படி என்று அவளிடம் எவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவளுக்கும் தெரியாது.

அன்று பின்னேரமே நண்டுக் கொம்பனியில் வேலை முடிந்ததும் யோசப்பினைக் கூட்டி வந்தாள். யோசப்பின் பக்கத்து வீட்டுக்காரி, நண்டுச் சதையை ஓட்டிலிருந்து ஒரு நார் அறாமல் எடுக்கும் விரல்கள் அவளுக்கு. அவள் இன்னும் ஒன்பது பெண்களைக் கூட்டி வந்தாள். சனிக்கிழமை விடியத் தொடங்கி மண்டபம் நிறைய ஈரத் துணியும் புத்தகமும் கதையுமாக இருந்தது. ஒருத்தி தாளைக் கிளப்ப, இன்னொருத்தி அடையாளத்தை ஒரு கொப்பியில் பார்த்துக் கீறினாள். அதே அடையாளம் திரும்ப வந்தால் கீறுவதில்லை. மத்தியானத்துக்குள் கொப்பியில் தொண்ணூற்று நான்கு அடையாளங்கள் சேர்ந்துவிட்டன.

பின்னேரம் அற்புதராணி எடுத்த ஒரு புத்தகத்தில் துணி கொஞ்சம் கூட ஊறிவிட்டது. தாளோடு அட்டை வைக்கும் பையும் கழன்று வந்தது. பையின் உட்பக்கத்தில், வெளியிலிருந்து எவர் கண்ணிலும் படாத இடத்தில், சின்னதாக ஒரு அடையாளம். ஒரு நங்கூரம், அதற்கு ஒரு கைதான்.

அந்த ஒற்றைக் கை நங்கூரத்தை அவள் இருபத்தாறு வருடமாகத் தன் வீட்டு முற்றத்தில் பார்க்கிறாள். காயப் போட்ட ஒவ்வொரு மிதவையிலும் அதுதான் இருக்கும்.

யோசப்பின் எட்டிப் பார்த்தாள். “உது உன்ரை மனிசன்ரை எல்லோ?”

அற்புதராணி அடுத்த புத்தகத்தின் பையைக் கழற்றினாள். இல்லை. அடுத்தது, இல்லை. ஐந்தாவதில் இருந்தது. மாலைக்குள் பத்தொன்பது புத்தகங்களில் ஒற்றைக் கை நங்கூரம். பத்தொன்பதையும் தனியாக அடுக்கி வைத்து, ஒவ்வொன்றின் தலைப்பையும் பார்த்தாள். முதலில் அவளுக்கு வந்தது கோபம்தான், இத்தனை வருடமாக என்னை ஏய்த்திருக்கிறாரே என்று. பிறகு ஒன்று பிடிபட்டது. பத்தொன்பதும் அவள் சாப்பாட்டு நேரத்தில் நல்லது என்று கதை சொன்ன புத்தகங்கள். கறியைப் போடு என்று அவர் வாயை அடைத்த புத்தகங்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிறு தொழில் இல்லை என்பதால் அன்றிரவு யாகோப்பு வீட்டில்தான் நின்றார். அற்புதராணி சோற்றைப் போட்டாள், மீன் குழம்பை ஊற்றினாள், எதிரே இருந்தாள். வாய் திறக்கவில்லை. அவர் இரண்டு வாய் சாப்பிட்டு நிமிர்ந்தார்.

“என்ன, இண்டைக்குக் கதை ஒண்டும் இல்லையோ?”

“இல்லை. கறி போதுமோ?”

அவர் குழம்பைச் சோற்றோடு பிசையத் தொடங்கினார்.

மறுநாள் பூசை முடிவில் பங்குச் சுவாமி அறிவித்தார்: நூலகப் புத்தகங்களில் அடையாளம் போட்டவர்கள் எல்லாரும் உடனே நூலகத்துக்கு வரவும். அறிவித்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் சனம் கலைந்து, கஜானி கொப்பியோடு மேசையில் இருந்து அரை மணி நேரமாகியும் ஒருவரும் படியேறவில்லை. மைதானத்தில் மரத்துக்குக் கீழே கூட்டமாக நின்று மண்டபத்தையே பார்த்தார்கள். குகதாசன் வேறு வெள்ளைச் சேட்டோடு வாசலில் நின்றார். யோசப்பின் போய் விசாரித்துவிட்டு ஓடி வந்தாள்.

“ராணி, குற்றக்காசு அறவிடப் போறாய் எண்டு நினைச்சுக்கொண்டு நிக்கிதுகள். கிறுக்கினதுக்கு.”

ஒன்பது வருடம் கத்தின கத்துக்கு வேறு எதை எதிர்பார்க்கிறது? அற்புதராணி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்கு இறங்கினாள். பிழை என்று ஊருக்கு முன்னால் ஒப்புக்கொள்வது அவள் பழக்கத்தில் இல்லாத காரியம்.

“கிறுக்கின ஆக்கள் எல்லாரும் வாங்கோ. ஒரு சதம் குற்றம் இல்லை. நீங்கள் போட்டது சரி, நான் ஏசினதுதான் பிழை. நீங்கள் அதைப் போட்டிருக்காட்டி இண்டைக்கு இந்த நூலகத்தைப் பூட்டுற நாள். வந்து உங்கடை அடையாளத்தைக் காட்டி, பேரை எழுதி, கையெழுத்து வையுங்கோ. வராட்டி வாற வருசம் கடலிலை போய் அலையைத்தான் வாசிக்க வேணும்.”

செபநாயகம்தான் முதலில் நடந்தார். வாளியில் கை கழுவினார், மேசையில் குனிந்து தன் இரட்டை முக்கோணத்தைத் தொட்டுக் காட்டினார், பக்கத்தில் பெயரை எழுதினார். பிறகு வரிசை வாசலைத் தாண்டி மைதானம் வரை போனது. பொட்டுக்காரிகள் வந்தார்கள். எண்பது வயதுச் செல்வநாயகி, கையெழுத்து மறந்துபோயிற்று, அடையாளம் மட்டும் போடவா என்று கேட்டாள். கஜானி போடச் சொன்னாள். பதினொரு மணியளவில் கொலின்ஸ், முடி வெட்டுகிற கடைக்காரர், படகே இல்லாதவர், ஒரு கத்தரிக்கோல் படத்தைக் காட்டினார். கடைக்கு வருகிற படகுக்காரரிடம் கடன் வாங்கி வாசிக்கிறாராம். அவர் நூற்றைம்பதாவது ஆள். கஜானி பேனையைக் கீழே வைத்துக் கையை உதறிவிட்டு மறுபடி எடுத்தாள். வரிசை இன்னும் இருந்தது.

குகதாசன் மேசைக்கு வந்தார். “எல்லாம் சரி அக்கா. ஆனா பிணைக்கு அசையாச் சொத்து வேணும் எண்டு விதி. போட் அசையிற சாமான் எல்லோ?”

“சேர், அசையாச் சொத்துக்காரர் பிணை நிண்ட காலத்திலை இந்த நூலகத்திலை எழுபது புத்தகம் வராமல் போச்சு. கோப்பு உங்களிட்டை இருக்கு. அசையிறது பிணை நிண்ட ஒன்பது வருசத்திலை ஒண்டும் போகேல்லை.”

கஜானி நிமிராமலே சொன்னாள். “சேர், சபைக் கூட்டத்திலை படகுப் பதிவையும் பிணையா எடுக்கலாம் எண்டு ஒரு தீர்மானம் போட்டு அனுப்புங்கோ. நான் அறிக்கையோடை சேர்க்கிறன். இவ்வளவு கையெழுத்துக்குப் பிறகு அங்கை மறுக்க ஒண்டும் இல்லை.”

குகதாசன் வரிசையைப் பார்த்தார், சுவரில் தொங்கிய ஏழு சான்றிதழ்களைப் பார்த்தார். “அப்ப கண்டிக்குப் போக ஆறு கிழமை லீவுக்கும் எழுதித் தாங்கோ அக்கா” என்றார். அற்புதராணி தலையை மட்டும் ஆட்டினாள். பேசினால் குரல் உடைந்துவிடும், உடைந்தால் வரிசையில் நிற்கிறவர்கள் பகிடி பண்ணியே கொன்றுவிடுவார்கள்.

பன்னிரண்டு மணிக்கு வரிசையின் கடைசி ஆள் மேசைக்கு வந்தார். கோயிலுக்கு உடுத்த வெள்ளைச் சேட்டு, கழுவி ஈரம் காயாத கை, யாரோ அந்நியர் போல முகம். யாகோப்பு. யோசப்பின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அற்புதராணி கொப்பியைப் பார்த்தபடி கேட்டாள். “பேர்?”

“உனக்குத் தெரியாதோ?”

“எனக்குத் தெரியும். கொப்பிக்குத் தெரியாது.”

அவர் பேனையை வாங்கினார். பெயரை மெதுவாக எழுதினார், நூற்று அறுபத்துநான்காவது பெயர். பக்கத்தில் நங்கூரம் கீறினார், எல்லாரும் பார்க்கப் பெரிதாக, ஒற்றைக் கையோடு.

கஜானிக்கு ஒன்றும் தெரியாது. வழக்கம் போல அடுத்த கேள்வியைக் கேட்டாள். “எத்தினை புத்தகம் வாசிச்சிருக்கிறியள் அண்ணை?”

அற்புதராணி முந்திக்கொண்டாள். “பத்தொன்பது” என்றாள், பக்கத்தில் இருந்த அடுக்கைத் தொட்டுக் காட்டி. இத்தனை நாள் ஒளித்ததைப் பிடித்துவிட்டேன் என்ற மிடுக்கு அவள் குரலில் இருந்தது.

யாகோப்பு அடுக்கைப் பார்த்தார், மேலிருந்து கீழாக ஒவ்வொரு முதுகாக.

“இருபத்துமூண்டு” என்றார். “நாலை நீ இன்னும் கழட்டேல்லை.”